புது டகோமா அன்றாடக் குடும்ப வண்டியாகச் சரிவருமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். டல்லாஸ் புறநகரில் வீடு. கணவன், மனைவி, நான்கு வயதில் ஒரு பிள்ளை, கையில் ஒரு குழந்தை. தினமும் ஆபீஸ் போய்வர வேண்டும். வார இறுதியில் தோட்டத்துக்கு மண், வேலிக்குப் பலகை என்று ஏதாவது ஏற்ற வேண்டியிருக்கிறது. வருடத்தில் சில தடவை வாடகை டிரெய்லர். பழைய செடானைக் கொடுத்துவிட்டுப் புது டொயோட்டா டகோமா பிக்கப் (பின்னால் திறந்த சுமைத் தொட்டி உள்ள வண்டி) வாங்கலாமா, ஹைபிரிட் தேவையா, ஃபோர் வீல் டிரைவ் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்கலாம். ஆனால் நீங்கள் எழுதி அனுப்பிய பட்டியலில் குதிரைத்திறன், இழுக்கும் திறன், திரையின் அளவு எல்லாம் இருக்கின்றன. உங்கள் அன்றாட வாழ்க்கையைத் தீர்மானிக்கப்போகும் இரண்டு விஷயங்கள் இல்லை. ஒன்று, ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர். இன்னொன்று, பின் இருக்கை.

அதற்கு முன் வண்டியைப் பற்றிக் கொஞ்சம். டகோமாவின் நான்காம் தலைமுறை 2023 மே மாதம் அறிமுகமாகி 2024 மாடலாக விற்பனைக்கு வந்தது. பழைய 3.5 லிட்டர் வி6 இன்ஜினை எடுத்துவிட்டு 2.4 லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போ வைத்தார்கள். எஸ்ஆர் என்ற ஆரம்ப டிரிமில் (டிரிம் என்றால் ஒரே வண்டியின் வசதிப் படிநிலை) 228 குதிரைத்திறன். அதற்கு அடுத்த எஸ்ஆர்5 முதல் ஆட்டோமேட்டிக்கில் 278. பழைய வி6-உம் 278தான், அதனால் ஒன்றும் மாறவில்லையே என்று தோன்றலாம். டார்க், அதாவது இன்ஜினின் சுழற்றும் விசை, அந்த எண்ணைப் பாருங்கள்: பழையதில் 265 பவுண்டு-அடி, இதில் 317. டர்போ என்பதால் அந்த இழுவை இன்ஜின் சுழற்சி குறைவாக இருக்கும்போதே கிடைக்கிறது. ஹைவேயில் சேரும்போது பழைய வண்டி கியரைக் குறைத்து இரைச்சலோடு போகும். புதியதற்கு அந்தப் பாடு இல்லை. பின்சக்கரத்தில் டிரம் பிரேக் போய் டிஸ்க் வந்திருக்கிறது. ரேடார் குரூஸ், முன்னால் மோதுவதற்கு முன் தானே பிரேக் பிடிப்பது போன்ற பாதுகாப்பு வசதிகள் எல்லா டிரிமிலும் உண்டு. 14 அங்குலத் திரை, கழற்றி எடுத்துப்போகும் ஜேபிஎல் ஸ்பீக்கர் எல்லாம் மேல் டிரிம்களில். இருந்தால் நல்லதுதான், அதற்காக டிரிம் ஏறாதீர்கள்.

நீங்கள் தினமும் உணரப்போகும் பெரிய மாற்றம் பின்பக்க ஸ்பிரிங். ஆரம்ப எஸ்ஆரிலும், பின் இருக்கை இல்லாத எக்ஸ்ட்ராகேப் வகைகளிலும் லாரியில் இருப்பது போன்ற பட்டை ஸ்பிரிங்தான். பின் இருக்கையோடு நான்கு கதவு உள்ள எஸ்ஆர்5 டபுள் கேப்பில் சுருள் ஸ்பிரிங் வந்துவிடுகிறது. பெட் (பின்னால் உள்ள சுமைத் தொட்டி) காலியாக இருக்கும்போது பட்டை ஸ்பிரிங் வண்டி மேடு பள்ளத்தில் பின்பக்கத்தைத் தூக்கிப் போடும்; பின்னால் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தால் அது விழித்துவிடும். உங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி பெட் காலியாகத்தான் இருக்கப்போகிறது. அதனால் விலை குறைவு என்று எஸ்ஆர் பக்கம் போக வேண்டாம்.

சரி, இப்போது ஸ்டிக்கர். விளம்பரத்தில் டகோமா 6,500 பவுண்டு வரை இழுக்கும், 1,709 பவுண்டு வரை சுமக்கும் என்று இருக்கும். அது பொய் இல்லை. ஆனால் அந்த உச்ச எண் குறிப்பிட்ட ஒரு அமைப்புக்கு மட்டும் உரியது. ஃபோர் வீல் டிரைவ், பெரிய சக்கரம், தோல் இருக்கை, சன்ரூஃப், ஹைபிரிட் பேட்டரி என்று எது கூடினாலும் வண்டியின் சொந்த எடை ஏறும், சுமக்கும் அளவு அதே அளவுக்கு இறங்கும். பிக்கப்பில் விலை ஏற ஏறச் சுமக்கும் திறன் பெரும்பாலும் குறையும். பலருக்கு இது வாங்கிய பிறகுதான் தெரியவருகிறது. ஒரே டிரிமில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு வண்டிகளில்கூட எண் வேறாக இருக்கும். டீலர் வாசலில் நிற்கும் அந்த வண்டியின் கதவைத் திறந்து, பயணிகளும் சுமையும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அச்சிட்டிருக்கும் வரியைப் படியுங்கள். அதுதான் அந்த வண்டியின் உண்மையான எண்.

"பயணிகளும் சுமையும் சேர்ந்து" என்பதைக் கவனியுங்கள். ஓட்டுபவரும் அதில் அடக்கம். உதாரணத்துக்கு ஸ்டிக்கரில் 1,200 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் 180, உங்கள் மனைவி 140, இரண்டு பிள்ளைகளும் அவர்களின் கார் சீட்டுகளும் சேர்ந்து 120. ஆக 440. பெட்டுக்கு மூடி, ரப்பர் விரிப்பு, ஒரு கருவிப் பெட்டி என்று 100 பவுண்டு. மிச்சம் 660. இப்போது யூ-ஹால் என்ற வாடகை நிறுவனத்தில் 6-க்கு 12 அடி மூடிய டிரெய்லரை எடுக்கிறீர்கள். அது முழுச் சுமையோடு 4,400 பவுண்டு வரை போகும். 6,500 இழுக்கும் வண்டிக்கு 4,400 எம்மாத்திரம் என்று தோன்றும். ஆனால் டிரெய்லர் அலைபாயாமல் நேராக வர வேண்டுமானால் அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சின் (டிரெய்லரை வண்டியோடு மாட்டும் கொக்கி) மேல் அழுத்த வேண்டும். 4,400-க்கு அது 440 முதல் 660 பவுண்டு. அந்த எடையையும் வண்டிதான் சுமக்கிறது. 660 என்றால் உங்கள் கணக்கு பூஜ்யம். பெட்டில் ஒரு ஐஸ் பெட்டிகூட வைக்க முடியாது. இழுக்கும் எண்ணில் இன்னும் 2,100 பவுண்டு மிச்சம் இருக்கும்போதே சுமக்கும் எண் தீர்ந்துவிட்டது. டகோமா போன்ற நடுத்தர அளவு பிக்கப்புகளில் முதலில் தீர்ந்துபோவது பெரும்பாலும் இதுதான்.

தோட்ட வேலையிலும் இதே கணக்குதான். வேலித்தூண் நடக் கான்கிரீட் வாங்கினால் பெரிய மூட்டை ஒன்று 80 பவுண்டு. நீங்கள் மட்டும் ஓட்டிப்போனால் மேலே சொன்ன 1,200-இல் 1,020 மிச்சம். 12 மூட்டை ஏற்றலாம், 13 முடியாது. அதுவும் அந்த மூடியையும் கருவிப் பெட்டியையும் வீட்டில் இறக்கி வைத்துவிட்டுப் போனால்தான். நர்சரியில் ஒரு கன கஜம் தோட்ட மண் கேட்டால் லோடரால் அள்ளிப் போட்டுவிடுவார்கள். அது ஏறத்தாழ 2,000 பவுண்டு, ஈரமாக இருந்தால் அதற்கும் மேல். அரைக் கஜமாகக் கேளுங்கள், இரண்டு நடை போங்கள். மரத்தூள் மல்ச் அப்படி இல்லை. எடை குறைவு, எண் தீர்வதற்கு முன் பெட் நிரம்பிவிடும்.

மீறி ஏற்றினால் என்ன ஆகும்? வண்டி அங்கேயே நின்றுவிடாது. அதனால்தான் பலர் துணிந்து ஏற்றுகிறார்கள். பின்பக்கம் அமுங்கும், முன்சக்கரத்தின் மேல் எடை குறையும், ஸ்டியரிங் லேசாகும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் கூடும். டெக்சாஸ் வெயிலில் அதிக சுமையோடு காற்று குறைந்த டயர் வெடிப்பது ஹைவேயில் நடக்கும் காரியம். பிள்ளைகள் இருக்கும் வண்டியில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

அடுத்தது பின் இருக்கை. டபுள் கேப்பில் பின்னால் கால் வைக்க இருக்கும் இடம் 33.7 அங்குலம். பெரியவர் ஒருவர் கொஞ்ச நேரம் உட்காரலாம், சொகுசாக இருக்காது. உங்களுக்கு இன்னும் பெரிய விஷயம், கைக்குழந்தையின் சீட் பின்பக்கம் பார்த்து மாட்டப்படும். அது முன் இருக்கையை நோக்கி நீண்டு வரும். முன்னால் உட்காருபவர் முழங்கால் டேஷ்போர்டை ஒட்டி உட்கார வேண்டியிருக்கலாம். இதை எந்தப் பட்டியலும் சொல்லாது. டெஸ்ட் டிரைவ் போகும்போது உங்கள் குழந்தையின் சீட்டையே எடுத்துப்போய் மாட்டிப் பாருங்கள். உங்கள் இருவரில் உயரமானவர் அதன் முன்னால் உட்காரட்டும். விற்பனையாளர் அவசரப்படுத்தினால் அவசரப்படாதீர்கள்.

ஹைபிரிடில் பேட்டரி பின் இருக்கைக்குக் கீழே போகிறது. அங்கே குடை, டயப்பர் பை வைக்கும் இடம் போய்விடும். பிக்கப்பில் பொதுவாக டிக்கி என்று ஒன்று கிடையாது, அதனால் இருக்கைக்கு அடியில் கிடைக்கும் இடம் தங்கம். காய்கறிப் பைகளைப் பெட்டில் வைத்தால் முதல் வளைவிலேயே உருண்டு ஓடும். மூடியும் தடுப்பு வலையும் வாங்கினால்தான் அன்றாடம் ஓடும்.

அப்புறம், ஊரிலிருந்து பெற்றோர் வந்து ஆறு மாதம் தங்குவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் நால்வர், அவர்கள் இருவர். இருக்கை ஐந்துதான். இரண்டு கார் சீட்டுக்கு நடுவில் ஒரு பெரியவரை உட்கார வைப்பதும் நடக்காத காரியம். ஏறும் உயரமும் அதிகம். முழங்கால் வலி உள்ள அம்மா, அதுவும் புடவையில், படி இல்லாமல் ஏறுவது சிரமம். பக்கவாட்டுப் படியை முதல் நாளே போட்டுவிடுங்கள். வீட்டில் இன்னொரு வண்டி ஏழு இருக்கையோ குறைந்தபட்சம் நல்ல எஸ்யூவியோ இருந்தால் இது பிரச்சினை இல்லை. பிக்கப்தான் வீட்டின் ஒரே வண்டி என்றால் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

பெட் நீளம் 5 அடி, 6 அடி என்று இரண்டு வகை கிடைக்கிறது. 5 அடி வண்டியின் மொத்த நீளம் 213 அங்குலம், அதாவது 17 அடி 9 அங்குலம். 6 அடி என்றால் இன்னும் ஏறத்தாழ ஓர் அடி கூடும். உங்கள் காரேஜ் 20 அடி ஆழம் இருந்தாலும் பின்சுவரில் தண்ணீர் ஹீட்டரும் அலமாரியும் இருக்கும். டேப் வைத்து அளந்து பாருங்கள். உங்களுக்கு 5 அடி போதும். எட்டடி பலகை ஏற்றும்போது டெயில்கேட்டைத் திறந்து வைத்துக் கட்டிக்கொள்ளலாம். டெக்சாஸில் சுமை வண்டியின் பின்னால் 4 அடி அல்லது அதற்கு மேல் நீண்டால் பகலில் சிவப்புக் கொடி கட்ட வேண்டும் என்பது சட்டம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: ஊரில் மினி லாரியின் பின்னால் ஏறிப் போன பழக்கத்தில் இங்கே பிள்ளைகளைப் பெட்டில் உட்கார வைத்து ஓட்டிவிடாதீர்கள். டெக்சாஸில் 18 வயதுக்கு உட்பட்டவர்களைத் திறந்த பெட்டில் ஏற்றி ஓட்டுவது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் செய்யக் கூடாத காரியம் அது.

4-க்கு 8 அடி பிளைவுட் டகோமாவில் சக்கர வளைவுகளுக்கு நடுவே தட்டையாகப் படுக்காது. வளைவுகளின் மேல் குறுக்குச் சட்டம் போட்டு அதன் மேல் அடுக்கலாம். பெட்டின் பக்கச்சுவரில் அதற்கான பள்ளம் இருக்கிறது. பெட்டின் உட்புறம் இரும்பு இல்லை, கலப்புப் பொருள். கீறினாலும் துருப்பிடிக்காது. மண், கல், மண்வெட்டி என்று எதையும் தாராளமாகப் போடலாம். ஸ்பிரே லைனருக்குத் தனியாகப் பணம் கட்டத் தேவையில்லை.

ஃபோர் வீல் டிரைவ் பற்றி ஒரு தவறான நம்பிக்கை நிறையப் பேரிடம் இருக்கிறது. டகோமாவின் பெரும்பாலான டிரிம்களில் இருப்பது பார்ட்-டைம் வகை. முன், பின் அச்சுகளை ஒன்றாகப் பூட்டிவிடும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டும். காய்ந்த தார்ச்சாலையில் பூட்டிவிட்டு ஓட்டினால் அந்த வித்தியாசம் போக வழியில்லாமல் கியர்பெட்டியிலும் அச்சிலும் முறுக்கேறும், உதிரிபாகம் கெடும். மண், பனி, சேறு போன்ற வழுக்கும் தரையில் மட்டும் போட வேண்டியது அது. மழை பெய்து ஈரமான ஹைவேயில் எஸ்யூவியின் ஆல் வீல் டிரைவ் தரும் உதவியை இது தராது. லிமிடெட் ஹைபிரிடில்தான் முழுநேர வகை வருகிறது, விலையும் உச்சத்துக்குப் போய்விடுகிறது. டல்லாஸில் வருடத்தில் ஓரிரு நாள் வரும் பனிக்கட்டிக்காக வாங்கலாமா என்றால், கிளம்ப உதவும், நிற்க உதவாது. அன்றைக்கு வீட்டில் இருப்பதே நல்லது. சேற்று நிலமோ படகு இறக்கும் சரிவோ உங்கள் வாழ்க்கையில் இல்லை என்றால் டூ வீல் டிரைவ் போதும். எடையும் குறையும், ஸ்டிக்கர் எண்ணும் கூடும். ஆனால் காலிப் பெட்டோடு மழையில் பின்சக்கரம் எளிதாக வழுக்கும். நல்ல டயர் போடுங்கள், சிக்னலில் நிதானமாகக் கிளம்புங்கள்.

ஹைபிரிட் வேண்டாம் என்பது என் கருத்து. 326 குதிரைத்திறன், 465 பவுண்டு-அடி டார்க், ஓட்ட அருமையாகத்தான் இருக்கும். ஆனால் ஹைபிரிட் என்றதும் நாம் எதிர்பார்க்கும் மைலேஜ் அதில் இல்லை. இது டொயோட்டாவின் பிரியஸ் காரைப் போல எரிபொருள் சேமிக்கச் செய்த ஹைபிரிட் அல்ல, இழுவைக்காகச் செய்தது. சாதாரண டூ வீல் டிரைவ் எஸ்ஆர்5-உம் கேலனுக்குச் சராசரி 23 மைலை ஒட்டித்தான், ஹைபிரிடும் அதே அக்கம்பக்கம்தான். உங்கள் செடான் 32 கொடுக்கிறது என்றால் வருடத்துக்கு 12,000 மைலுக்கு ஏறத்தாழ 145 கேலன் கூடப் போகும். கேலன் 3 டாலர் என்றால் 435 டாலர். இழுக்கும் உச்ச எண்ணும் ஹைபிரிடில் 6,000 பவுண்டாகக் குறைகிறது. ஒரே ஒரு இடத்தில் அது உண்மையிலேயே பயன்படும்: அதில் 2,400 வாட் வரை மின்சாரம் எடுக்கலாம். பூங்காவில் பொங்கல் விழா என்றால் ரைஸ் குக்கரும் மைக் செட்டும் ஓடும். சாதாரண டகோமாவின் 400 வாட் பிளக்கில் லேப்டாப் சார்ஜ் ஏறும், குக்கர் ஓடாது.

மற்ற வண்டிகளையும் சொல்ல வேண்டும். ஃபோர்டு ரேஞ்சர் 2024-இல் புதிதாக வந்தது, 7,500 பவுண்டு இழுக்கும். பெட் அகலத்தைக் கூட்டியதால் 4 அடி பிளைவுட் தட்டையாகப் படுக்கும். செவ்ரோலே கொலராடோ 7,700 வரை இழுக்கும். நிசான் ஃபிரான்டியரில் டர்போ இல்லாத 3.8 லிட்டர் வி6; எளிமையான இன்ஜின் வேண்டுபவர்களுக்கு நல்லது. இவை மூன்றிலும் பின் இருக்கை டகோமாவைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தால் எனக்குத் தோன்றுவது ஹோண்டா ரிட்ஜ்லைன்தான். அது மற்றவை போல ஏணிச் சட்டத்தின் மேல் உட்காரவைத்த வண்டி அல்ல, காரைப் போல ஒரே உடலாகச் செய்தது. நான்கு சக்கரமும் தனித்தனி சஸ்பென்ஷன். பின்னால் கால் வைக்க 36.7 அங்குலம், டகோமாவைவிட மூன்று அங்குலம் கூட. கைக்குழந்தை சீட்டுக்கு அந்த மூன்று அங்குலம் எவ்வளவு பெரிது என்று மாட்டிப் பார்த்தால் தெரியும். ஆல் வீல் டிரைவ் எல்லா டிரிமிலும் உண்டு, தானாக வேலை செய்யும், மழையில் உதவும். சக்கர வளைவுகளுக்கு நடுவே 50 அங்குலம், பிளைவுட் படுக்கும். பெட்டின் தரைக்கு அடியில் பூட்டக்கூடிய டிக்கி ஒன்று, 7.3 கன அடி. காய்கறி, ஸ்ட்ரோலர் எல்லாம் அதற்குள் போய்விடும். சுமக்கும் அளவு 1,583 பவுண்டு வரை. குறைகளும் உண்டு: இழுப்பது 5,000 பவுண்டுதான், மைலேஜ் சராசரி 21, ஸ்டெப்னி அந்த டிக்கிக்குள்ளேயே இருப்பதால் பெட் நிறைய மண் ஏற்றியிருக்கும்போது பஞ்சரானால் மண்ணை இறக்கிவிட்டுத்தான் டயரை எடுக்க முடியும். காட்டுப் பாதை, பாறை என்று போகிறவருக்கு இது ஆகாது. நீங்கள் அப்படிப் போவதாக எழுதவில்லை.

மனம் டகோமாவில்தான் இருக்கிறது என்றால் எஸ்ஆர்5 டபுள் கேப், 5 அடி பெட், டூ வீல் டிரைவ், சாதாரண இன்ஜின். முன் பம்பருக்குக் கீழே தொங்கும் காற்றுத் தடுப்பு மைலேஜுக்காக வைத்தது. பார்க்கிங் கட்டையில் இடிக்கும், முன்னால் ஏற்றி நிறுத்தாமல் ஒரு அடி தள்ளியே நிறுத்துங்கள். தேவைப்பட்டால் கழற்றவும் முடியும். டிரெய்லர் இழுக்கப்போவதால் ஹிட்ச்சும் ஏழு முனை மின் இணைப்பும் அந்த வண்டியில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பிறகு போடுவதைவிட இதுவே மலிவு. கையெழுத்துப் போடுவதற்கு முன் வண்டியின் 17 இலக்க வின் எண்ணை அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் கொடுத்து, தீர்க்கப்படாத ரீகால் (குறையைச் சரிசெய்ய நிறுவனம் வண்டியைத் திரும்ப அழைப்பது) ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். முழுதாகப் புது வடிவமைப்பில் வந்த வண்டிக்கு முதல் சில வருடங்களில் ரீகால் வருவது சாதாரணம். இருந்தால், அதைச் சரிசெய்து முடித்த பிறகு வண்டியை எடுத்துக்கொள்கிறேன் என்று டீலரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.